கடல்தொட்டியில் கள்ளப்பூ

பதுளையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலைக் கண்ணால் காண அரைநாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பசறை வீதியோரம் ஒரு வீட்டின் மேல்மாடியில், ஒரு துண்டுக் கடலைக் கட்டிக் காக்கும் வேலை கலாராணியின் தலையில் வந்து விழுந்தது. அவள் கேட்டு வாங்கியதில்லை. மகன் தயாபரன் வைத்துவிட்டுப் போனது.

கலாராணியைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் இராது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே மாடசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கேயே அவரைப் பறிகொடுத்தவள். விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பதும், மலையேறுவதும், இறங்கி வந்து அடுப்பு மூட்டுவதுமாக அவளுடைய பாதி ஆயுள் போய்விட்டது. கொழுந்து குறைந்த மாதங்களில் புல்லு வெட்டப் போவாள். அந்த வேலையில் மட்டும் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. "கலாராணி சொரண்டி போன நெரையில கோழிக்குக் கொத்தக்கூட ஒண்ணும் மிஞ்சாது" என்று கங்காணியே சொல்வார். வேரோடு போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

தயாபரன் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கொழும்புக்குப் பஸ் ஏறினான். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் புடவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போக, இவன் போய்ச் சேர்ந்தது வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்புகிற ஒரு கம்பனியில். கடலைக் காணாத வம்சத்தில் பிறந்தவன் கடல்மீனுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்டான். எந்த மீன் எதைத் தின்னும், எதற்கு எது ஆகாது என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். சில வருடம் போனதும் பதுளையில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, அம்மாவை லயத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு கண்ணாடித் தொட்டியும் வந்தது. வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்ல என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கடல்மீன் தொட்டி வைத்துக் கொடுத்து முன்னுக்கு வரலாம் என்பது அவன் கணக்கு. ஹோட்டல்காரர்கள் வந்து பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், போய்விட்டார்கள். கடைசியில் அவன் கட்டாருக்குப் போனான். அங்கே பெரிய பெரிய ஹோட்டல்களில் மீன்தொட்டி கழுவுகிற வேலை.

"இத வித்துறலாமேடா" என்று புறப்படும்போது கலாராணி கேட்டாள்.

"வேணாம்மா. திரும்பி வந்து இத வச்சுத்தான் கடை போடப்போறேன். ஒண்ணும் கஷ்டமில்ல. தண்ணி வத்துனா நல்ல தண்ணி ஊத்துங்க. ரெண்டு வேளை தீனி போடுங்க. கரண்டு போனா அந்தச் சின்ன பெட்டரி மோட்டரைத் தட்டிவிடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னவன் பிளேனில் ஏறிவிட்டான். தொட்டிக்கு லீவு கிடையாது என்பது இவளுக்குப் பிறகுதான் விளங்கியது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய் ஓர் இரவு தங்க முடியாது. நாத்தனார் வீட்டுச் சடங்குக்குப் போனாலும் பின்னேர பஸ்ஸைப் பிடித்து ஓடிவர வேண்டும். "கலா அக்கா மீனுக்கு வாக்கப்பட்டுருச்சு" என்று லயத்தில் கேலி செய்தார்கள். பிறகு கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

லயத்தில் தனிமை என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதற்கு அங்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை என்பது கூரைக்கடியால் வந்துவிடும். எவ்வளவு நாள் அதைத் தொல்லை என்று திட்டியிருப்பாள்! இந்த மாடி வீட்டில் சுவர்கள் ஒழுங்காகக் கூரைவரை எழும்பியிருந்தன. கீழ்வீட்டில் வீட்டுக்காரி றுஸைனா ரீச்சர். நல்ல மனுசி. காலையில் படியடியில் சிரிப்பார், மாலையில் படியடியில் சிரிப்பார். அத்தோடு சரி. சில நாட்களில் கலாராணி தன் குரலைத் தானே கேட்பது மீனுக்குத் தீனி போடும்போதுதான். தொட்டியில் ஒரு பாறையும், பூப்போல் விரிகிற பச்சைப் பவளமும், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு செம்மஞ்சள் மீன்களும் இருந்தன. பெரியது பெண், சின்னது ஆண் என்று தயாபரன் சொல்லியிருந்தான். "வாடி, வந்து தின்னு. அவனுக்கும் கொஞ்சம் வுடு" என்று அந்தப் பெரியதைத்தான் அதட்டுவாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுப்பான். அந்தப் பேச்சையும் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடலாம், நீளமில்லை.

"சாப்டீங்களாம்மா?"

"சாப்புட்டேன்டா. நீ?"

"சாப்டேன். மழையா?"

"மழைதான். அங்க?"

"வெயில். மீனுங்க?"

"இருக்கு."

"சரிம்மா. வைக்கவா?"

வைத்துவிடுவான். வாரம் முழுதும் சேர்த்து வைத்த கதையெல்லாம் அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும். அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இவளாக ஒருநாளும் கோல் எடுத்ததில்லை. வேலையிடத்தில் பிள்ளைக்கு ஏச்சு விழுந்தால் என்ன செய்வது? போன் இருண்ட பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். அழுகை வரும். அழுவாள். பார்க்க யாருமில்லை என்பதில் அப்படி ஒரு வசதி.

இப்படியிருக்கையில்தான் ஒரு காலையில் தொட்டிக்குள் பாறையின் இடுக்கில் ஒரு பூவைக் கண்டாள். சுண்டுவிரல் நகமளவு. பழுப்பும் கண்ணாடியும் கலந்த நிறம். மெல்லிய காம்பின் உச்சியில் நூல்நூலாக இதழ்கள், நீரோட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடியைத் தட்டினால் சட்டென்று சுருங்கிப் பாறைக்குள் போய்விட்டது. கலாராணிக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியதற்கு ஏதோ ஒன்று பிறந்திருக்கிறதே என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து, போனைத் தொட்டியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

தயாபரனின் முகம் மாறியது.

"ஐயோ அம்மா, அது பூ இல்ல! அது ஒரு உசிரு. களை மாதிரி. பாறையோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அது பக்கத்துல போறதையெல்லாம் கொட்டும். விட்டா தொட்டி பூரா பரவிரும். பவளத்தக் கொன்னுரும்."

"இத்தூண்டு பூவா?"

"இத்தூண்டுதான். கை வைக்காதீங்க. நான் யோசிச்சு நாளைக்கு எடுத்துச் சொல்றேன்."

நாளைக்கு! ஞாயிறு தவிர்த்த ஒரு நாளில் மகன் பேசப்போகிறான். கலாராணி அன்றிரவு சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். ஆனால் பெற்ற மனம் சும்மா இருக்குமா? பிள்ளை கவலைப்படுகிறானே, அவன் நாளைக்கு எடுக்குமுன் நாமே முடித்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருப்பான் என்று தோன்றியது. களை என்று வேறு அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். களையென்றால் கலாராணிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நமுனுகுலவிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த, புல்லு வெட்டுகிற இரும்புச் சுரண்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்டூலில் ஏறி, கையைத் தோள்வரை கடலுக்குள் விட்டு, அந்தப் பூவைப் பாறையோடு சேர்த்து வறட்டு வறட்டென்று சுரண்டித் தள்ளினாள். தூள்தூளாகப் பறந்து போனது. பாறை மொட்டையாகிவிட்டது. மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டு அவளையே பார்த்தன.

மகன் எடுத்தபோது பெருமையாகச் சொன்னாள். "முடிச்சுட்டேன்டா. வேரோட."

"எதால?"

"நம்ம சொரண்டியாலதான்."

தயாபரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, உப்புத்தண்ணிக்குள்ள இரும்பையா விட்டீங்க? அதுவும் சுரண்டவா செஞ்சீங்க? அது துண்டு துண்டாப் போனா ஒவ்வொரு துண்டும் ஒரு பூவா மொளைக்கும்மா!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு இவள் அக்காள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் சொன்னது அப்படியே நடந்தது. கொஞ்ச நாளில் பாறையில் அங்கொன்று இங்கொன்றாகத் தலைகள் தெரிந்தன. பிறகு கண்ணாடியோரம், பிறகு மோட்டரின் வாயில், பிறகு மகன் உயிராக வைத்திருந்த பச்சைப் பவளத்தின் அடியில். கலாராணி அதற்குக் கள்ளப்பூ என்று பெயர் வைத்தாள்.

தயாபரன் ஒரு வழி சொன்னான். பாமசியில் ஊசி வாங்கி, எலுமிச்சம்புளியைப் பிழிந்து வடித்து, ஒவ்வொரு பூவின் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். பூ சுருங்குமுன் குத்திவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் செலுத்தினால் தண்ணீர் கெட்டுவிடும், நாளுக்கு நாலைந்துதான். அவள் கண்ணுக்கு அந்தப் பூவின் வாயெல்லாம் ஒரே மங்கலாகத் தெரியும். அதனால் போனைக் கண்ணாடியில் சாய்த்து வைக்க, அங்கிருந்து அவன் வழி காட்டுவான்.

"இடது பக்கம்மா... இன்னும் கொஞ்சம் கீழ... ஆ, அதுதான். மெதுவா."

"ஓடுதுடா கழுதை."

"ஓடாது, சுருங்குது. கொஞ்சம் பொறுங்க. அது திரும்ப விரியும்."

விரியும்வரை இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும். சும்மா எப்படிக் காத்திருப்பது? பேச்சு வந்தது. இன்றைக்கு என்ன கறி என்று அவன் கேட்டான். கத்தரிக்காயும் நெத்தலியும் என்றாள். அந்த நெத்தலியை எப்படிப் பொரித்தாள் என்று கேட்டான். அவனுடைய வேலை மேற்பார்வையாளன் எந்நேரமும் விசிலடிக்கிறவன் என்று சொன்னான். லயத்தில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்று அவள் சொன்னாள். அப்பா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் ஞாபகமிருக்கா என்று ஒருநாள் அவனாகவே கேட்டான். மாடசாமி செத்த பிறகு தாயும் பிள்ளையும் அவரைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை. கலாராணி ஊசியைப் பிடித்தபடியே சிரித்தாள். ஊசி குறி தவறி எலுமிச்சம்புளி மீனின் மேல் போய்விட்டது.

நாள் தவறாமல் கோல் வந்தது. அவள் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது என்று றுஸைனா ரீச்சரே படியடியில் நின்று சொன்னார். "என்னம்மா, மகன் வாராரா?" என்று கேட்டார். இல்லை ரீச்சர், தொட்டியில் பூச்சி விழுந்திருக்கு என்று இவள் சிரித்துக்கொண்டே சொல்ல, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் எலுமிச்சம்புளி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கள்ளப்பூக்கள் குறைந்தன. ஒரு மாலையில் தயாபரன் சொன்னான்: "கொஞ்சம்தாம்மா மிச்சம். அதுவும் முடிஞ்சா நீங்க நிம்மதியா இருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல."

"ஆமாடா" என்றாள். வேறென்ன சொல்வது?

போனை வைத்த பிறகு தொட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய ஞாயிற்றுக்கிழமைகள் கண்முன் வந்தன. சாப்டீங்களா, மழையா, வைக்கவா. பாறையின் பின்பக்கத்தில், போனில் தெரியாத மூலையில், கொழுத்த கள்ளப்பூ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கலாராணி அதையே பார்த்தாள். இதைப் புல் என்று நினைத்ததுதான் அவள் செய்த பிழை. இது தேயிலைச் சாதி. கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கினால்தான் தேயிலை சிலிர்த்துக் கிளைக்கும். அது அவள் கைக்குப் பழகின கணக்கு. எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கொண்டுவந்தாள். இந்த முறை இரும்பு இல்லை. அதன் விளிம்பால் அந்தப் பூவை அழகாக, அளவாக, நாலு துண்டாக நறுக்கி நீரோட்டத்தில் விட்டாள்.

செய்துவிட்டு வெட்கப்பட்டாள். சாமிப் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சில நாட்கள் போனதும், "என்னம்மா இது, திரும்ப மொளைச்சிருக்கு!" என்று மகன் கத்தியபோது, அவள் நெஞ்சுக்குள் ஒரு பால்பானை பொங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியே பழகிவிட்டது. போனுக்கு முன்னால் ஊசி, போனுக்குப் பின்னால் கரண்டி. முன்பக்கம் நாலு செத்தால் பின்பக்கம் எட்டு முளைத்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தயாபரனும் சலிக்காமல் எலுமிச்சம்புளி, எலுமிச்சம்புளி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாளாவது எரிந்து விழுந்தானா என்றால் இல்லை. பொறுமைசாலிப் பிள்ளை என்று அவள் பூரித்துப் போனாள்.

கள்ளப்பூவுக்கு இந்தத் தாய்ப்பாசமெல்லாம் தெரியுமா? அது தன் பாட்டுக்குக் கொட்டியது. பச்சைப் பவளம் முதலில் பாதி விரிந்தது, பிறகு விரியவே இல்லை. ஒரு காலையில் தீனி போட்டபோது பெரியவள் மட்டும் வந்தாள். சின்ன மீன் பாறைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் விலாவில் வெந்ததுபோல் ஒரு வெள்ளைத் தடம். "வாடா, வந்து தின்னுடா" என்று கெஞ்சினாள். வாலை ஒருமுறை அசைத்தது, வரவில்லை.

கலாராணிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. இது அவளுடைய பேச்சுத்துணை மட்டுமில்லை. பிள்ளை திரும்பி வந்து போடப்போகிற கடை. தன் ஆசைக்கு அதை அறுத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். மகனிடம் சொல்ல வாயில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கிப் போனாள். அங்கே அலவியின் மீன்கடை இருந்தது. நன்னீர் மீனும் மீன்தீனியும் கிளிக்கூண்டும் விற்கிற, நடுவயது தாண்டிய மனிதர். தயாபரனுக்கு நன்றாகத் தெரிந்தவர். அண்ணன் முறையில் நானா என்றுதான் இவளும் அவரைக் கூப்பிடுவாள்.

"நானா, ஒருதரம் வீட்டுக்கு வந்து பாருங்க. மீனு சாகப் போகுது."

அலவி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, குனிந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாறையின் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னம்மா, யாரோ பாத்தி கட்டி வளர்த்த மாதிரி இருக்கே?"

கலாராணி ஸ்டூலை ஓரமாக நகர்த்திப் போட்டாள். அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

"இவ்வளவு நாளும் என்ன செய்தீங்க?"

"எலுமிச்சம்புளி ஊசி போடுறோம் நானா. மகந்தான் போன்ல இருந்து சொல்லித் தாறான். ஒண்ணொண்ணா."

அலவி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஒண்ணொண்ணாவா? தயாவா அப்படிச் சொன்னார்?"

"ஏன் நானா?"

"இல்ல... ஒண்ணு ரெண்டுன்னா ஊசி சரி. இவ்வளவுக்கும் யார் ஊசியோட மல்லுக்கட்டுறது? சின்னக் கிளாத்தி மீன் ஒண்ணு இருக்கு. அதுக்கு இதுதான் சோறு. ஒண்ணை விட்டா மூலை முடுக்கெல்லாம் பொறுக்கித் தின்னு முடிச்சிரும். எனக்கே அதைச் சொல்லித் தந்தது உங்க மகன்தானே. கொழும்புல இருக்கக்குள்ள இதே தொல்லைக்கு எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கார்! ஒரு கோல் எடுத்திருந்தா நான் அடுத்த லொறியிலயே எடுப்பிச்சிருப்பேனே. மறந்துட்டாரோ?"

மறக்கிற பிள்ளையில்லை அவன். அது கலாராணிக்கு நன்றாகத் தெரியும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். தெரிந்துகொண்டே இத்தனை நாளும் என்னை ஊசியும் கையுமாக நிற்க வைத்தானா? கண் தெரியாத கிழவியை இடது பக்கம், வலது பக்கம் என்று ஆட்டி வைத்தானா? கோபம் வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. ஏன் செய்தான் என்று கேட்க அவளுக்கு வேறு யாரிடமும் போக வேண்டியதில்லையே. தான் ஏன் கரண்டியை எடுத்தாளோ, அதற்குத்தான் அவனும் எலுமிச்சம்புளியைச் சொன்னான். பூ முடிந்தால் அவனுக்கும் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கோல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரே சுவர். ஒருநாளும் யாரும் அவனை இடையில் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அம்மா வைத்த கத்தரிக்காய்க் கறியை அணு அணுவாக ஏன் கேட்டான்? செத்துப்போன அப்பன் தேத்தண்ணி குடித்த சத்தம் அவனுக்கு எங்கே எப்போது ஞாபகம் வந்தது? இவள் தன் வெறுமையையே பெரிதென்று மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பிள்ளை அத்தனை தூரத்தில் பேச்சுக்குப் பட்டினி கிடந்திருக்கிறான். பெற்றவளுக்கு அது தெரியவில்லை. கலாராணி அலவிக்கு முன்னாலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"மீன் பிழைக்கும்மா, அழாதீங்க" என்றார் அவர், பாவம்.

"கிளாத்திய எடுத்துத் தாங்க நானா."

"தயாகிட்டக் கேக்க வேணாமா?"

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

கிளாத்தி வந்து சேரும்வரை அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் ஊசி போட்டாச்சா என்றான், போட்டாச்சு என்றாள். கரண்டியை மட்டும் தொடவில்லை. அடுத்த கிழமை அலவி ஒட்சிசன் அடைத்த பையில் அதைக் கொண்டுவந்து விட்டார். பாசிநிறத்தில், சொரசொரத்த தோலோடு, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத மீன். முதல் நாள் ஒளிந்து கிடந்தது. மறுநாள் வெளியே வந்து, ஒரு கள்ளப்பூவுக்கு முன்னால் நின்று யோசித்து, படக்கென்று கொத்தியது. பிறகு அதற்கு யோசனையே இல்லை. மொட்டும் பிஞ்சும் காம்பும் என்று வரிசையாகத் தின்றது. தன்னுடைய பேச்சை அது ஒவ்வொரு வாயாகத் தின்பதைக் கலாராணி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் வலித்தது. இருந்தும் விரட்டவில்லை. பச்சைப் பவளம் ஓரத்தில் கொஞ்சம் விரிந்தது. சின்ன மீன் தீனிக்கு மேலே வந்தது.

கடைசிப் பூவும் போன அன்று மத்தியானம், வாழ்க்கையில் முதல்முறையாக அவளே மகனுக்குக் கோல் எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அவன் முகம் வந்தது, வெளிறிப்போய்.

"என்னம்மா? என்ன ஆச்சு? கரண்டு போச்சா? மீனு செத்துருச்சா?"

"ஒண்ணும் சாவல. கள்ளப்பூ முடிஞ்சிருச்சு. அலவி நானா கிளாத்தி கொண்டாந்து விட்டாரு."

தயாபரன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"ஒனக்குத் தெரிஞ்ச மீனுதானாமே?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அங்கே இந்த வயதிலேயே ரெண்டு மூன்று நரை.

"நானும் சும்மா இல்லடா. முடியப்போகுதுன்னு நீ சொன்ன அன்னைக்கு நாந்தான் அத வெட்டிவிட்டேன். கவ்வாத்து வெட்டுற மாதிரி."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"பின்பக்கம் வெட்டுன தடம் தொட்டிக் கண்ணாடியில நிழலாத் தெரிஞ்சிச்சு. நான் ஒண்ணும் கேக்கல."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"தம்பி, நீ அங்க தனியாவா கெடக்குற?"

"ரூம்ல ஆறு பேர் இருக்கோம்மா. அவங்கவங்க பாஷையில அவங்கவங்க ஊரோட பேசிக்கிட்டு இருப்பாங்க. எங்கிட்டப் பேச ஆளில்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கெழமை எடுத்தா ஒங்களுக்கு எங்கூடப் பேச ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். அதான் நானும் சீக்கிரம் வச்சிருவேன்" என்றான்.

கலாராணிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்கும் எடு" என்றாள்.

"என்னத்தம்மா பேசுறது? அதான் பூவும் முடிஞ்சிருச்சே."

"ஒண்ணும் பேச வேணாம். எடு."

மறுநாள் எடுத்தான். சாப்டீங்களா என்றான், சாப்புட்டேன் என்றாள். மழையா என்றான், மழைதான் என்றாள். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. வைக்கவா என்று கேட்பான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவன் கேட்கவில்லை. அவள் போனைச் சமையலறை மேசையில் சம்பல் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, சந்தையில் வாங்கிய வெலிமடை லீக்ஸை மண்போகக் கழுவத் தொடங்கினாள். அங்கே அவன் நாளைய வேலைச் சட்டையை விரித்து அயன் பண்ணத் தொடங்கினான். ஒரு பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம், மறுபக்கம் துணியின் மேல் அயன்பெட்டி போகிற சத்தம். லீக்ஸ் அரிந்து முடிந்தது. சட்டை மடித்து முடிந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.